ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு

கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

இந்தப் பக்கத்தில் வரும் வேலைகளில் கேபினெட்டைத் திறந்து செய்யும் எதைத் தொடங்கினாலும் முதலில் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்கிவிடுங்கள். கேபினெட்டில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். ஒவ்வொரு பதிலிலும் இதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

கேள்வி: ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650, 450 வாட் எஸ்எம்பிஎஸ். புதிய கேம்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன. "எல்லாமே பழசு, மொத்தமாக மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாற்றினால் போதாதா?

மொத்தமாக மாற்றவும் வேண்டாம், கார்டிலிருந்து தொடங்கவும் வேண்டாம். எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

கேம் ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. அது 60, 70 என்று தள்ளாடிக்கொண்டிருக்க, கேமும் திக்கினால் தடை வேறு இடத்தில். பிராசசரின் மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2600-இல் 12 திரெட் (ஒரே நேரத்தில் வேலை ஓடும் தடங்கள்); இரண்டு மூன்று திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் 25 சதவீதம் அளவில்தான் காட்டும். அந்த வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. கேமின் ரெசொல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறவே இல்லையா? கார்டு மேல் குற்றமில்லை.

உங்கள் பட்டியலைப் பார்த்தவுடனே கண்ணில் படுவது அந்த ஒற்றை ரேம். 8 ஜிபி போதாது என்பது ஒன்று. ஒரே ஸ்டிக் என்றால் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே இரண்டு பாதைகளில் ஒன்றுதான் திறந்திருக்கிறது என்பது இன்னொன்று. 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி அல்லது இரண்டு 16 ஜிபி கொண்ட ஒரே செட்டாக வாங்கிவிடுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும்; சில சமயம் அதற்கும் ஒத்துப்போகாமல் மக்கர் செய்யும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் போடுங்கள்.

அடுத்தது பிராசசர். உங்கள் போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட். அதிலேயே ரைசன் 5 5600, ரைசன் 7 5700எக்ஸ் இரண்டும் உட்காரும். இரண்டும் உங்கள் பழைய 2600 போலவே 65 வாட் ரகம். போர்டு, ரேம் எதுவும் மாறாமல் இரண்டு தலைமுறை தாண்டிவிடலாம். இதற்கு வரிசை முக்கியம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு அப்டேட் செய்துகொள்ளலாம் என்றால் திரையே வராது. சில போர்டுகளில் புதிய பயாஸ் ஏறினால் பழைய பிராசசர்களுக்கான ஆதரவு போய்விடும் என்பதால், தயாரிப்பாளரின் பட்டியலில் எந்தப் பதிப்புக்கு எந்தப் பிராசசர் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பிராசசர் மாறியதும் எஃப்டிபிஎம்-ஐ (பிராசசரோடு வரும், பூட்டுச் சாவிகளைக் காக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று திரையில் கேட்கும்; ஆமாம் என்றால் அந்தக் கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது.

இந்த வேலையில் பெரும்பாலும் விபத்து நடப்பது கூலரைக் கழற்றும் அந்த ஒரு நொடியில். வெப்பத்தைக் கடத்தப் பூசிய பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து கூலரையும் பிராசசரையும் கோந்து போட்டதுபோல ஒட்டிவைத்திருக்கும். ஏஎம்4 சாக்கெட்டில் பிராசசரின் 1331 பின்களை ஒரு லீவர் இறுக்கிப் பிடிக்கிறதே தவிர, மேலிருந்து அமுக்கும் சட்டம் கிடையாது. கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசர் அதனுடன் பிய்ந்துகொண்டு வரும். பின்கள் வளையும். அதனால் கழற்றும் முன் ஏதாவது கேமைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு அணைத்து, கேபிளைக் கழற்றி, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருகுங்கள். "க்ளக்" என்று பிடி விடுவது கையிலேயே தெரியும். அப்புறம்தான் தூக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஒரு பின் வளைந்துவிட்டால் பயந்துவிடாதீர்கள். லெட்டை எடுத்துவிட்ட மைக்ரோ டிப் பென்சிலின் வெற்று முனைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, பொறுமையாக நிமிர்த்தலாம்.

புதிய பிராசசரை அழுத்தவே கூடாது. மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லையென்றால் ஏதோ தப்பு, எடுத்துப் பாருங்கள். மெஷினோடு வந்த கூலர் போர்டின் பின்தகட்டில் நேரடியாக ஸ்க்ரூ ஆகும் ரகமானால், ஸ்க்ரூவை எடுத்தவுடன் பின்தகடு கழன்று விழும். ஒரு கையால் பின்னால் தாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப முடுக்கும்போது எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக.

கார்டு கடைசியில். 1650-இன் பல மாடல்கள் தனி பவர் கேபிள் இல்லாமல் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடுபவை. அதற்கு மேல் போகும் கார்டுக்கு 6 பின் (75 வாட்) அல்லது 8 பின் (150 வாட்) கேபிள் வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இருக்கிறதா என்று கேபினெட்டைத் திறந்து பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை. பி450 போர்டில் கார்டு உட்காரும் இடம் பிசிஐஇ 3.0 ஸ்லாட்தான். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை 8 லேன் (தரவு போகும் தடம்) மட்டும் பயன்படுத்தும் 4.0 கார்டுகள், 3.0 ஸ்லாட்டில் இழப்பு கொஞ்சம்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கோ 4 லேன், 4 ஜிபி மெமரி. மெமரி நிரம்பியதும் அந்தக் குறுகிய வழியில்தான் எல்லாம் போய்வர வேண்டும். 3.0 ஸ்லாட்டில் அது நன்றாகவே அடிவாங்கும். உங்கள் போர்டுக்கு அது வேண்டாம்.

கேள்வி: டிடிஆர்5 6000 என்று அச்சிட்ட ரேம் வாங்கினேன். டாஸ்க் மேனேஜர் 4800 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? இதே போல இன்னொரு ஜோடி வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பலாமா? பிராசசர் ரைசன் 7 7700.

ஏமாறவில்லை. அட்டையில் போட்டிருக்கும் 6000 என்பது ரேமில் பதிந்துவைத்த ஒரு புரொஃபைல். அதை நீங்களாகப் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற இடத்தில் இயக்கினால்தான் ஓடும். அதுவரை பாதுகாப்பான 4800-இல் நிற்கும். சிபியு-இசட் போன்ற மென்பொருளில் பார்த்துவிட்டு "3000தான் வருகிறது" என்று எழுதும் வாசகர்களும் உண்டு. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அங்கே பாதி எண் தெரியும், அவ்வளவே.

புரொஃபைலை மாற்றிச் சேமித்ததும் திரை இருண்டு சில நிமிடங்கள் அப்படியே இருக்கலாம். மதர்போர்டு ரேமின் நேர அளவுகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. உங்களுடையது போன்ற ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் முதல் முறை இது நீளும். பலர் பதறிப்போய் பவரை நிறுத்துவது இந்த இடத்தில்தான். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு ஜோடி மட்டும் வேண்டாம். 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600. இரண்டு ஸ்டிக்கில் 6000 சிக்கலில்லாமல் ஓடுவது சகஜம்; நான்கில் அது அதிர்ஷ்டம். 64 ஜிபி தேவையென்றால் இருப்பதை விற்றுவிட்டு, இரண்டு 32 ஜிபி செட் வாங்குவதுதான் சரி.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே?

விண்டோஸ் அதை இன்னும் 60-இல் ஓட்டிக்கொண்டிருக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்பிளே, ரிஃப்ரெஷ் ரேட். பட்டியலில் 144 இல்லாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். டிஸ்பிளேபோர்ட் கேபிள் நல்லது.

கேள்வி: முதல் முறையாக நானே அசெம்பிள் செய்தேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. எதையாவது எரித்துவிட்டேனா?

பெரும்பாலும் எரிந்திருக்காது. ஃபேன் சுற்றுவதற்கும் பிராசசருக்கும் சம்பந்தமில்லை. பிராசசருக்குப் பவரே போகாமலும் ஃபேன் சுற்றும்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கார்டில் செருக வேண்டும், போர்டின் பின்பக்கத்தில் அல்ல. கார்டு இல்லையென்றால் பிராசசரின் பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5000 வரிசையில் "ஜி" உள்ளவற்றில் மட்டும் உண்டு. 5600 போட்டுவிட்டு கார்டு இல்லாமல் திரைக்காகக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து, போர்டின் இடது மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக ஒரு 8 பின் சாக்கெட். கூலருக்குப் பின்னால் மறைந்திருப்பதால் விட்டுப்போகும். அங்கே போவது 4+4 என்று பிரியும் கேபிள். கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிளும் பார்க்க அதே சாயல்தான். ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். முனைகளின் வடிவமே தப்பாக நுழைய விடாது. நுழையவில்லையே என்று பலம் காட்டாதீர்கள்.

ரேமை எடுத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்டிக்கை 2ஆவது ஸ்லாட்டில் வைத்து, இரு முனையும் "க்ளிக்" ஆகும்வரை அமுக்குங்கள். புதிய ரேம் ஸ்லாட்டுக்கு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். ஒரு முனை மட்டும் இறங்கி மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்பதை மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணை போர்டின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்). எது எரிந்து நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். சிபியு விளக்கு நின்றால் போர்டு வெளியான பிறகு வந்த பிராசசரைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பயாஸ் பழையதாக இருக்கலாம். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் தப்பித்தீர்கள். எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்த பென் டிரைவில் பயாஸ் ஃபைலைப் போட்டு, மேனுவலில் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிராசசர் இல்லாமலே ஏறும். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை பவரைத் தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், தேவையென்றால் கார்டு, இவ்வளவோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். பவர் பட்டனுக்குரிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் போதும், ஆன் ஆகும். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் கேபினெட்டின் பித்தளை ஸ்டாண்ட்ஆஃபை (போர்டைத் தாங்கும் சின்னத் தூண்) எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றுகொண்டு பின்பக்கம் ஷார்ட் செய்துகொண்டிருக்கும். ஏடிஎக்ஸ் போர்டுக்கு வழக்கமாக 9 தேவை. சின்ன போர்டைப் பெரிய கேபினெட்டில் போடும்போதுதான் இந்தத் தவறு நேரும்.

கேள்வி: புதிய எம்.2 எஸ்எஸ்டி போட்டேன். அது நன்றாக ஓடுகிறது, ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது.

ஹார்ட் டிஸ்க் நலமாக இருக்கிறது. பல போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும். ஸ்லாட்டில் எதையாவது போட்டால் அந்த போர்ட் அணைந்துவிடும். சாட்டா கேபிளை வேறு எண்ணுள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள். மேனுவலில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கும்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றுகிறேன். பழையதும் மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றும் ரகம்), புதியதும் மாடுலர். கேபிள்களை அழகாகக் கட்டிவைத்திருப்பதால் அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றலாமா? 65 வாட் ரைசன் 5000, 160 வாட் கார்டு இருக்கின்றன; எத்தனை வாட் எடுப்பது?

கூடாது. கேபிளின் சாதனம் பக்க முனைக்கு மட்டும்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் விருப்பம். ஒரே பிராண்டுக்குள்ளேயே வரிசைக்கு வரிசை மாறும். முனை அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும், ஆன் செய்த நொடியில் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் போய்விடும், அதிலிருந்த போட்டோக்களும் சேர்த்து. அத்தனை கட்டையும் அவிழ்த்துப் புதிய கேபிளையே போடுங்கள்.

எத்தனை வாட் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 65 வாட் ரைசன் 5000 உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். 160 வாட் கார்டு, மற்றவற்றுக்கு ஒரு 60 வாட். மொத்தம் 310 அளவில் வரும். கார்டுகள் நொடியின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் தங்கள் வாட்டின் இருமடங்கை நெருங்கித் தாவுவது உண்டு. அதனால் 550 வாட் எடுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாமல் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். "500 வாட்" என்று எழுதி 12 வோல்ட்டில் 28 ஆம்பியர் என்றிருந்தால் உங்களுக்குப் பயன்படுவது 336 வாட்தான். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே பாதுகாப்புச் சுற்று நன்றாக இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி அல்ல.

கார்டில் இரண்டு 8 பின் துளை இருந்தால் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டை முனையை அதிக வாட் கார்டுக்கு நம்ப வேண்டாம்.

கேள்வி: இன்டெல் ஐ5 8400 வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, 11 போடப் போனால் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) இல்லை என்கிறது. சிப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 8ஆம் தலைமுறை இன்டெல் 11-க்கான பட்டியலில் இருக்கிறது. பயாஸில் பிடிடி என்பதை இயக்கினால் பிராசசரோடு வரும் டிபிஎம் 2.0 கிடைத்துவிடும். ஏஎம்டியில் இதன் பெயர் எஃப்டிபிஎம்.

அடுத்து விண்டோஸ் 11 கேட்கும் செக்யூர் பூட் வசதிக்காக அவசரப்பட்டுப் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறை பூட்டுக்கான அமைப்பு) அணைத்துவிடாதீர்கள். பழைய முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு வடிவில் இருக்கும். சிஎஸ்எம் அணைந்தால் அது பூட் ஆகாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க்கின் பிராபர்ட்டீஸில் வால்யூம்ஸ் பக்கம் பார்த்தால் வடிவம் தெரியும். எம்பிஆர் என்றால், பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் ஜிபிடி வடிவுக்கு மாற்றிய பிறகே பயாஸைத் தொடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஐ7 13700கே கிடைக்கிறது. வாங்கலாமா?

யோசித்து. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிக் காலப்போக்கில் நிலைதடுமாறும் கோளாறை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. திருத்தம் இனிமேல் கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது. விற்பவரிடம் பில்லைக் கேளுங்கள். வாங்கும் முன் ஒரு பெரிய ஃபைலைச் சுருக்கி விரிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இடையில் ஒரு முறை பிழை காட்டினாலும் விட்டுவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டில் மெமரி போதவில்லை என்று சொல்லிக் கேம் தொடங்கும்போதே மூடிக்கொள்வதும் இதே கோளாறின் அடையாளம். கார்டைக் குறைசொல்லும் பிழைச்செய்தி, கெட்டிருப்பதோ பிராசசர்.

கேள்வி: தினமும் ஆன் செய்யும்போது தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது.

போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றியதும் எக்ஸ்போ, பூட் வரிசை போன்ற பயாஸ் அமைப்புகளை மறுபடி போட வேண்டியிருக்கும். மாற்றும் முன் போனில் படம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: ஆறு ஃபேன் போட்டும் பிராசசர் 95 டிகிரிக்குப் போகிறது. பேஸ்ட் நிறையவே போட்டேன்.

ரைசன் 7000 வரிசையில் எக்ஸ் மாடல்கள் முழு வேலையில் 95 வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. சும்மா இருக்கும்போதே 80 தாண்டினால்தான் கவலை. அப்படியானால் கூலரைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். "மாட்டும் முன் உரிக்கவும்" என்று எழுதிய பிளாஸ்டிக் ஏடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும்; கூடுதலானது ஓரத்தில் வழியுமே தவிரக் குளிர்விக்காது. பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

ஆறு ஃபேனில் எத்தனை எந்தப் பக்கம் ஊதுகிறது என்று எழுதவில்லை. ஃபேனின் குறுக்குச்சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்னால் இரண்டு மூன்று உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அதுவே போதும். மேல்பக்கம் முன்வரிசையில் வெளியே தள்ளும் ஃபேன் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். முன்னாலிருந்து வந்த குளிர்காற்றை அது பிராசசருக்குப் போகும் முன்பே வெளியே துப்பிவிடும்.